அத்தியாயம் 7: கைவேலைக்கு மரியாதை

ஆண்டு விழாவின் கடைசி அரை மணி நேரத்தில் பரிசளிப்பு நடக்கும். “இந்த ஆண்டின் சிறந்த மாணவர்” என்று மேடையில் ஒரு பெயரை வாசிப்பார்கள். பையன் ஓடி வந்து கேடயத்தை வாங்குவான். கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும். அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் அவன் அப்பாவுக்கு, மகன் கெட்டிக்காரன் என்பது மட்டும் புரியும். ஊருக்குப் போனதும் டீக்கடையில் யாராவது, “தம்பி என்ன செஞ்சதுக்கு இதைக் குடுத்தாங்க?” என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. மேடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. கேடயத்திலும் எழுதியிருக்கவில்லை.

அந்தப் பதிலை எப்படி உருவாக்குவது என்பதுதான் இந்த அத்தியாயம். ஐ.டி.ஐ. பயிற்றுநர்கள், பழகுநர்களை வைத்திருக்கும் பட்டறை முதலாளிகள், தொழிற்சாலைகளில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சொல்ல வருவது இதுதான்: ஒரு பிள்ளையைப் பாராட்டும்போது அவர் செய்த வேலையின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நாலு பேர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அவருக்கு அடுத்த படி ஒன்று கிடைக்க வேண்டும். பணம் குறைவாக இருந்தாலும் இவற்றைச் செய்யலாம். பணம் நிறைய இருந்து இவை இல்லாமல் போன விழாக்களும் நிறைய உண்டு.

இந்த மாவட்டம் முன்பே செய்து காட்டியது

வெளியூர் உதாரணங்களைத் தேடுவதற்கு முன்னால், புதுக்கோட்டையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த 1991-ல், அறிவொளி இயக்கம் இங்கே பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. வயலில் கூலி வேலை பார்த்தவர்கள், குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பலரும் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடையில் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள்.

பயிற்சி நூலுக்கு இதில் பாடமாக இருப்பது, கற்றதை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. பழகியவர்கள் பலர் பார்க்க ஓட்டிக் காட்டும் நிகழ்ச்சிகள் நடந்தன. பாதி கண்காட்சி, பாதி போட்டி. இப்படி 70,000-க்கும் அதிகமான பெண்கள் பொதுவெளியில் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் பேரணியாக வந்து நகரத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள்.

அந்தப் பேரணியில் வந்த ஒரு பெண்ணுக்கு அவர் என்ன சாதித்தார் என்று யாரும் சான்றிதழில் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. ஊர் பார்த்தது, அவ்வளவு போதும். முதல் பரிசு ஒருவருக்கு என்ற குறுகலும் அங்கே இல்லை. ஓட்டத் தெரிந்த எல்லோரும் அந்தப் பெருமைக்கு உரியவர்கள். அதைவிட முக்கியம், கற்றவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களாக ஆனார்கள். நேற்று வரை பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொள்ள ஓட்டியவர், இன்று இன்னொருவரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். கற்பவருக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் எனக்குத் தெரியவில்லை. கீழே வரும் யோசனைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்து எடுத்ததுதான்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

பல இடங்களில் தேர்வு நடப்பதில்லை; நினைவு நடக்கிறது. ஆண்டு முடியும் தறுவாயில் பயிற்றுநரைக் கூப்பிட்டு, “உங்க டிரேடுல யாரு சார் நல்ல பையன்?” என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நினைவுக்கு வருவது முன் வரிசையில் உட்காருபவன், நன்றாகப் பேசுபவன், சொன்ன வேலைக்கு முதலில் எழுந்து ஓடுபவன். மூலை வைஸில் குனிந்து நின்று ஆண்டு முழுக்க ஃபைல் போட்டுக்கொண்டிருந்தவர் நினைவுக்கு வருவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகமாக நேர்கிறது. ஃபிட்டர், வெல்டர், டர்னர் போன்ற பிரிவுகளில் ஒன்றிரண்டு பெண்கள்தான் இருப்பார்கள். அவர்களுக்குப் ‘பொறுமையானவர்’, ‘ஒழுக்கமானவர்’ என்ற பாராட்டு கிடைக்கும். அவர்கள் செய்த ஜாப்பைப் பற்றி ஒரு சொல்கூட வராது.

இதற்கு மருந்து ஒரு நோட்டு. பயிற்றுநர் வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வாரம் எல்லோரைப் பற்றியும் எழுத ஏதும் இல்லாவிட்டால், எழுதத் தோன்றியவர்களைப் பற்றி மட்டும் எழுதலாம். குணத்தை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். ‘நல்ல மாணவி’ என்ற குறிப்பு ஆறு மாதம் கழித்து எதற்கும் பயன்படாது. ‘போர்டு வயரிங்கில் தவறை அவரே கண்டுபிடித்தார், யாரிடமும் கேட்கவில்லை’ என்ற குறிப்பு அப்படியே விழா மேடையில் வாசிக்கத்தக்கது.

அடுத்தது ஜாப். மாணவர் செய்த முதல் ஜாப்பைக் கழிவுப் பெட்டியில் போடாமல் எடுத்து வையுங்கள். ஃபிட்டர், மெஷினிஸ்ட், வெல்டர் பிரிவுகளில் ஒவ்வொரு துண்டிலும் நம்பர் பஞ்சால் ஓர் எண் குத்திவிடுங்கள். எண்ணுக்குரிய பெயர் அலுவலகத்தில் ஒரு தாளில் மட்டும் இருக்கட்டும். ஆண்டு முடிவில் கடைசி ஜாப்புகளை மேசையில் வரிசையாக வைத்து, வெளியிலிருந்து ஒருவரை அழைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். மாத்தூர் தொழிற்பேட்டையிலோ விராலிமலைப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ தரக் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர் அரை நாள் வந்தால் போதும். அவர் கையில் வெர்னியர், ஸ்கொயர், கேஜ் இருக்கட்டும். பெயரும் ஊரும் இனிஷியலும் அவர் கண்ணில் பட வேண்டாம். நம் மாவட்டத்தில் ஒருவரின் ஊரையும் தெருவையும் சொன்னால் அதற்கு மேலும் பலவற்றைச் சொன்னதாக ஆகிவிடுகிறது. எண் குத்திய இரும்புத் துண்டு அதையெல்லாம் சொல்லாது.

என்ன அளவுகோல் வைப்பது என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். ஃபிட்டர் பிரிவில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு துண்டுகளைச் செய்யச் சொல்வார்கள். பட்டறைப் பேச்சில் மேல்-பீமேல் ஃபிட்டிங். 0.04 மி.மீ. துல்லியத்துக்குள் முடிக்க வேண்டிய ஜாப்பில், இரண்டையும் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பொய் சொல்ல முடியாது. ஒளி வருகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். வெல்டரில் மேலே தெரியும் பீடின் அழகைப் பார்த்து ஏமாந்துபோகும் ஆபத்து உண்டு. திருப்பிப் போட்டு ரூட் சரியாக இறங்கியிருக்கிறதா, ஓரத்தில் அண்டர்கட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் ஒரு துண்டை வெட்டி வளைத்துப் பார்ப்பது நல்லது. எலக்ட்ரீஷியன் பிரிவில் வேலையின் முடிவைவிட அதைத் தொடங்கும் விதத்துக்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன். சப்ளை இல்லை என்பதை டெஸ்டர் வைத்து உறுதிசெய்துகொண்டு கை வைக்கும் பிள்ளை, கேட்காமலே ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்கிறாரா? தையல் தொழில்நுட்பத்தில் காலரும் கையும் பொருந்துவதோடு, துணியில் எத்தனை குறைவாக வீணாக்கினார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஜாப்பை எடுத்து வைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. தொடக்கத்திலிருந்தே நன்றாகச் செய்பவர் ஒருவகை. அவர் வீட்டிலேயே லேத் பட்டறை இருக்கலாம். சிறு வயதிலிருந்தே கை பழகியிருக்கலாம். ஃபைலை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் வந்து, ஆண்டு முடிவில் அவருக்கு அருகில் வந்து நிற்பவர் இன்னொரு வகை. முதல் துண்டையும் கடைசித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர் கடந்து வந்த தூரம் எல்லோருக்கும் தெரியும். இந்த வகைக்கென்று தனியாக ஓர் அங்கீகாரம் வைக்காத பயிற்சி நிலையம், தன் பயிற்சியின் பலனைத் தானே பார்க்காமல் விடுகிறது.

வருகைப் பதிவை மட்டும் வைத்துப் பரிசு கொடுப்பதை நான் ஏற்பதில்லை. நூறு சதவீத வருகை நல்ல பழக்கம்தான். ஆனால் மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு பேருந்து தவறினால் காலை வகுப்பே போய்விடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டின் வாழ்வாதாரமே விழுந்து கிடந்த அந்த வாரங்களில் வகுப்புக்கு வராத மாணவரையும் சோம்பலால் வராதவரையும் வருகைப் பதிவேடு ஒரே மாதிரி ‘இல்லை’ என்றுதான் காட்டும். காரணத்தைக் கேட்டு எழுதும் இடம் பயிற்றுநரின் வார நோட்டில் இருக்கட்டும்.

பட்டறைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. இரவு எட்டு மணி, ஒன்பது மணி வரை நின்று வேலையை முடித்துக் கொடுக்கும் பழகுநரை “உழைப்பாளி” என்று முதலாளிகள் மெச்சுவார்கள். 1961-ம் ஆண்டின் பழகுநர் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் பழகுநரை மிகைநேரம் வேலை செய்யச் சொல்லவும் கூடாது, அவராக முன்வந்தாலும் அனுமதிக்கக் கூடாது. சட்டத்தின் பார்வையில் அவர் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதிக நேரம் நின்றதற்காகக் கொடுக்கும் பாராட்டு, அடுத்து வரும் பிள்ளைகள் அனைவரையும் அதிக நேரம் நிற்க வைக்கும். ஆகவே தேர்வுக்கான கணக்கிலிருந்து அதை அடியோடு நீக்கிவிடுங்கள்.

ஒருவருக்குத்தானா?

ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான அகில இந்தியத் திறன் போட்டி 1964-ல் தொடங்கியது. மாநில அளவில் தன் பிரிவில் முதலாவதாக வந்தவர் அகில இந்திய அளவில் போட்டியிடும் முறை அது. அண்மையில் தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பட்டமளிப்பு விழாவும் வந்திருக்கிறது. முதல் விழா 2022 செப்டம்பர் 17-ல் நடந்தது. 2025 அக்டோபர் 4 அன்று தில்லியில் நடந்த விழாவில், அகில இந்திய அளவில் முதலிடம் பெற்ற 46 ஐ.டி.ஐ. மாணவர்களைப் பிரதமர் பாராட்டினார். பள்ளியில் மாநில முதலிடம் பெற்றவர்களுக்குக் கிடைத்து வந்த வெளிச்சம் கைத்தொழில் கற்பவர்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது மகிழ்ச்சியான செய்தி. உங்கள் மாணவர்களிடம் இந்தப் போட்டிகளைப் பற்றிச் சொல்லுங்கள், தகுதியுள்ளவரைத் தயார்செய்து அனுப்புங்கள்.

ஆனால் நாடு முழுவதற்கும் ஒரு பிரிவுக்கு ஒருவர் என்ற கணக்கு, ஒரு வகுப்பில் இருக்கும் இருபது பேரைத் தொடாது. அவர்களுக்கு வேறு ஒரு கணக்கு வேண்டும். உலகத் திறன் போட்டியிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம். 1950-ல் மாட்ரிட்டில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மட்டும் கலந்துகொண்டு தொடங்கிய போட்டி அது. இந்தியா முதன்முதலாகப் பங்கேற்றது 2007-ல் ஜப்பானில். தங்கம், வெள்ளி, வெண்கலம் தவிர அங்கே இன்னொரு பதக்கம் உண்டு. பதக்க இடங்களுக்குள் வராவிட்டாலும் 700 புள்ளிகளை எட்டிய எல்லோருக்கும் சிறப்புப் பதக்கம் கொடுக்கிறார்கள். 2024-ல் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த போட்டியில் இந்தியாவுக்கு 4 வெண்கலமும் 12 சிறப்புப் பதக்கங்களும் கிடைத்தன. சிறப்புப் பதக்கம் பெற்றவர்கள் முதல் மூவரில் இல்லை. ஆனாலும் உலகத் தரத்தை எட்டியவர்கள் என்பதை அந்தப் பதக்கம் ஒப்புக்கொள்கிறது.

இதை நம் நிலையத்துக்கு ஏற்ப மாற்றுவது எளிது. சேர்க்கை முடிந்த முதல் மாதமே, ஒவ்வொரு பிரிவின் பட்டறைச் சுவரிலும் தேர்ந்த தரம் என்றால் என்ன என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எந்த ஜாப், என்ன துல்லியம், எவ்வளவு நேரம், எந்தெந்தத் தவறு இருக்கக் கூடாது என்று நாலைந்து வரிகள் போதும். அதை எட்டியவர் மூவர் என்றால் மூவருக்கும், பதினைந்து பேர் என்றால் பதினைந்து பேருக்கும் கொடுங்கள். ஒருவர்கூட எட்டாத ஆண்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுக்காமல் விடும் துணிவு இருந்தால்தான் அடுத்த ஆண்டு கிடைப்பதற்கு மதிப்பு இருக்கும். எல்லோருக்கும் மேலாக ஒருவர் தனித்துத் தெரிந்தால் அவருக்குத் தனியாக ஒன்று கொடுங்கள். தெரியாவிட்டால் வலிந்து தேட வேண்டாம்.

என்ன கொடுப்பது

தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக் கோப்பைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு நல்ல வெர்னியர் காலிப்பர் வாங்கலாம். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் வெல்டருக்குத் தானாக இருளும் ஹெல்மெட் கிடைக்கும். தையல் பிரிவுக்கு நல்ல கத்தரியும் அளவுச் சட்டமும், எலக்ட்ரீஷியனுக்கு மல்டிமீட்டரும் கொடுக்கலாம். கருவியில் பெயரும் ஆண்டும் பொறித்துக் கொடுங்கள். தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கும் மாணவருக்கு மாத உதவித்தொகை 750 ரூபாய். அந்த நிலையில் இருப்பவருக்குச் சொந்தக் கருவி என்பது வேலை தேடிப் போகும்போது கையில் இருக்கும் பலம்.

வெல்டருக்குக் கொடுக்கத்தக்க இன்னொரு பரிசு தேர்வுக் கட்டணம். மாத்தூரில் உள்ள பட்டறைகளில் பல, திருச்சி பெல் நிறுவனத்தின் பாய்லர் வேலைகளை நம்பி வளர்ந்தவை. அந்த வட்டாரத்தில் வெல்டரின் அந்தஸ்தைச் சொல்லும் சொல் சிக்ஸ்-ஜி. 45 பாகையில் சாய்ந்து அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றி, குழாயைத் திருப்பாமல், தான் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்கும் நிலை அது. அழுத்தத்தில் இயங்கும் பாய்லர் பாகங்களைப் பற்றவைக்க, இந்திய பாய்லர் விதிமுறைகளின்படி வெல்டர் தனித் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வுக்கான பயிற்சிக் குழாய்கள், எலக்ட்ரோடு, கட்டணம் ஆகியவற்றைச் சிறந்த பழகுநருக்கு நிறுவனமே ஏற்றுக்கொண்டால், அவர் வாழ்நாள் சம்பளத்தையே அது மாற்றும். ‘எக்ஸ்ரே பாஸ்’ என்று ஒரு வெல்டர் சொல்லிக்கொள்ளும்போது அவர் குரலில் இருக்கும் பெருமை எந்த மேடைப் பாராட்டிலும் வராது.

பணமாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: பழகுநர் உதவித்தொகைக்கு விதி சொல்வது குறைந்தபட்சம்தான். 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்த பழகுநருக்கு மாதம் 7,000 ரூபாய் கீழ்வரம்பு. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் கூடும். தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. இந்தத் தொகைகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் ஒப்பந்தம் போடும் நாளில் நடப்புத் தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கீழ்வரம்புக்கு மேல் கொடுப்பதற்குத் தடை ஏதும் இல்லை. நன்றாகச் செய்யும் பழகுநருக்கு ஆண்டு நடுவிலேயே 500 ரூபாய் கூட்டிக் கொடுத்து, எதற்காகக் கூட்டினீர்கள் என்று ஒரு கடிதமும் கொடுங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாக வரும் தொகையைவிட இது அதிகம் பேசும்.

பழகுநர் காலம் முடிந்தவரை வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் 2014 திருத்தத்துக்குப் பிறகு, பழகுநர் காலம் முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றித் தனக்கென ஒரு கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வகுத்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் இது காகிதத்தில்கூட இல்லை. எழுதும்போது, தேர்ந்த தரத்தை எட்டியவருக்கு முதல் வாய்ப்பு என்ற வரியையும் சேர்த்து, அதைப் பட்டறையில் ஒரு பலகையில் எழுதி மாட்டிவிடுங்கள். அந்த ஒரு வரி தொங்கும் பலகையைப் பார்த்துக்கொண்டு வேலை பழகும் பிள்ளைகளின் கவனமே வேறு.

செலவே இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாக்கிய மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவரிடம் பயின்ற தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெரும் பெயர் பெற்றார். புதுக்கோட்டை வழி என்று லய உலகம் இன்றும் மரியாதையோடு சொல்கிறது. அந்தக் காலக் குருகுலத்தில் அச்சடித்த சான்றிதழ் கிடையாது. குரு தன்னோடு கச்சேரிக்கு அழைத்துப் போய், தேர்ந்த வித்வான்கள் நிறைந்த சபையில் சீடனுக்கு ஓர் இடம் கொடுப்பார். பட்டறையில் இதற்கு இணையான ஓர் இடம் இருக்கிறது. வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் வரும் நாளில், வேலையைச் செய்த பழகுநரை உள்ளே அனுப்பிவிடாதீர்கள். போர்மேன் அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “இந்த ஜாயிண்ட் தம்பி போட்டது, அவர்கிட்டயே கேளுங்க” என்று சொல்லட்டும். ஆய்வாளர் கேட்கும் கேள்விக்குப் பழகுநரே பதில் சொல்லட்டும். அவருடைய பெயர் அன்றைக்கே பக்கத்துப் பட்டறைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சான்றிதழின் வாசகம் பற்றி ஒரு சொல். ‘சிறப்பாகச் செயல்பட்டமைக்காக’ என்ற அச்சு வாசகத்தை விட்டுவிடுங்கள். இப்படி எழுதலாம்: “மென்னிரும்புத் தகடுகளில் 0.04 மி.மீ. துல்லியம் கேட்ட பொருத்து வேலையை, ஃபைலால் மட்டும் ராவி, முதல் முயற்சியிலேயே முடித்தார். தன் வேலை முடிந்தபின் பக்கத்து வைஸில் இருந்த இருவருக்குக் கோண அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மதிப்பிட்டவர், பயிற்றுவித்தவர் இருவரும் கீழே கையெழுத்திட்டுள்ளனர்.” பயிற்றுநரின் பெயரும் அதில் இருப்பது முக்கியம். வேலைக்கு எடுப்பவர்கள், யாரிடம் கற்றவர் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பதிவே இல்லாத பிள்ளைகள்

டூவீலர் ஒர்க்‌ஷாப், லேத் பட்டறை, கிரில் பட்டறை, மரப்பட்டறை என்று இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு கடைத்தெருவிலும் வேலை பழகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஒப்பந்தம், தேர்வு, சான்றிதழ் எதுவும் கிடையாது. இவர்களில் பலருடைய கைத்திறன், சான்றிதழ் உள்ளவர்களைவிடக் கூடுதல். “அண்ணேகிட்ட மூணு வருசம் இருந்தேன்” என்பதுதான் அவர்கள் எடுத்துப்போகும் ஒரே சான்று. அதுவும் அந்த அண்ணனைத் தெரிந்த ஊரில் மட்டும்தான் செல்லும்.

பட்டறை வைத்திருப்பவர் இதைச் சரிசெய்ய முடியும். நான்கு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் விரும்பினால் பழகுநரை முறைப்படி எடுக்கலாம். முப்பது பேரும் அதற்கு மேலும் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தத்தை இணையத்தில் பதிவுசெய்தால் உதவித்தொகையில் அரசின் பங்கு கிடைக்கும். காலம் முடிந்து தேர்வில் தேறினால் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். அந்த அளவுக்குப் போக முடியாத மிகச் சிறிய கடை என்றால், குறைந்தது பட்டறையின் பெயர் அச்சடித்த தாளில் அவர் தனியாகச் செய்யக்கூடிய வேலைகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். “போர் அளவு பார்ப்பார், பிஸ்டன் மாற்றுவார், கிளட்ச் பிளேட் மாற்றுவார், வண்டியின் சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்வார்” என்று எழுதினால் கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருக்கும் முதலாளிக்கு அது புரியும். அனுபவத்தைக் காட்டித் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதும் வழியும் இருக்கிறது. அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டுச் சொல்லுங்கள். விண்ணப்பத்தோடு வைக்க உங்கள் கடிதம் அப்போது தேவைப்படும்.

விழா நாள்

முகூர்த்த நாளையும் நடவு, அறுவடை மும்முரத்தையும் தவிருங்கள். அப்பாவும் அம்மாவும் வர வேண்டும் என்றால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பதை நினைவில் வைத்து, பேருந்துச் செலவையாவது நிலையம் ஏற்கட்டும். பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் சாப்பாட்டோடு முடித்துவிட்டால் வெளியூர்க்காரர்கள் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேரலாம். தலைமை விருந்தினருக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கும் விழாவில், பரிசு பெறும் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. நேரத்துக்கு வரக்கூடிய ஒருவரை அழையுங்கள். முன்பு அதே நிலையத்தில் படித்து இன்று பட்டறை நடத்துபவர், மூத்த வெல்டர், போர்மேன் போன்றவர்கள் கையால் வாங்கினால் நல்லது. தொழில் தெரிந்தவரின் கை என்பது மாணவருக்குத் தெரியும்.

நிகழ்ச்சியின் பெரும்பகுதி மேடைக்குக் கீழே நடக்கட்டும். நீண்ட மேசைகளைப் போட்டு ஜாப்புகளை வையுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அதைச் செய்தவர் நிற்கட்டும். பெற்றோர் வரிசையாக வந்து பார்க்கட்டும், தொட்டுப் பார்க்கட்டும். பொருத்து வேலையைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். “ஆத்தா, இந்த ரெண்டு துண்டையும் சேத்துப் புடிச்சுப் பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரியுதா?” என்று ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்கும் அந்த நிமிடத்தில் நடப்பதுதான் உண்மையான பரிசளிப்பு. பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு முந்தின வாரமே இரண்டு முறை ஒத்திகை கொடுங்கள். தன் வேலையைத் தன் வாயால் விளக்கத் தெரிவது நேர்முகத் தேர்விலும் கைகொடுக்கும்.

மேடையில் சான்றிதழின் வாசகத்தை முழுவதுமாக, தமிழில், நிதானமாக வாசியுங்கள். பெயரை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயரைத் தப்பாக வாசித்துவிட்டுக் கொடுக்கும் பரிசு மனத்தில் முள்ளாக நிற்கும். தெருப் பெயர், குடும்பத்தின் வறுமை, அப்பாவின் குடிப்பழக்கம், எதிர்த்து வந்த கஷ்டங்கள் ஆகியவற்றை மேடையில் சொல்லி உருக்க வேண்டாம். அந்தப் பிள்ளை இரக்கத்தால் தேர்ந்தெடுக்கப்படவில்லை. புகைப்படம் எடுக்கும்போது மாணவர் கையில் சான்றிதழோடு அவர் செய்த ஜாப்பும் இருக்கட்டும். பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவதற்கு முன், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் படத்துக்கு, அவர்களிடமும் வீட்டிலும் கேட்டுவிடுங்கள்.

பரிசு கிடைக்காதவர்கள் அன்று என்ன நினைக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மதிப்பீட்டுத் தாளை ரகசியமாக வைக்காதீர்கள். விழா முடிந்த வாரத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவருடைய துண்டையும் அதற்குக் கிடைத்த மதிப்பெண்ணையும் காட்டி, எங்கே விட்டுப்போனது என்று சொல்லுங்கள். “உனக்கு மூணு இடத்துல ஸ்கொயர் வரல தம்பி, மத்ததெல்லாம் சரி” என்று கேட்டவன் பொறாமைப்பட மாட்டான். வைஸுக்குத் திரும்பிப் போவான்.

ஓராண்டுக்குப் பிறகு

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பெயரை ஒரு பலகையில் எழுதி அலுவலகத்தில் மாட்டாமல், அந்தந்தப் பிரிவின் பட்டறைக்குள்ளேயே மாட்டுங்கள். ஆண்டு, பெயர், எந்த வேலை என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அவர்களின் தொலைபேசி எண்களை ஒரு பதிவேட்டில் வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை பேசுங்கள். எங்கே வேலை பார்க்கிறார், என்ன சம்பளம், நாம் சொல்லிக்கொடுத்ததில் எது பயன்பட்டது, எது அங்கே போய்ப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருப்பூருக்கோ சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போனவரும் தன் பயிற்றுநர் கூப்பிட்டால் பேசுவார். யாருக்காவது வேலை போய்விட்டது என்று தெரிந்தால், அவருடைய சான்றிதழின் நகலை உங்களுக்குத் தெரிந்த நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். அந்தச் சான்றிதழை அவ்வளவு விவரமாக எழுதச் சொன்னதும் இப்படிப்பட்ட நாளுக்காகத்தான்.

அடுத்த ஆண்டு மதிப்பீட்டுக்கு வெளியாளை அழைக்கும்போது, முந்தைய ஆண்டுகளில் தேர்வானவர்களில் ஒருவரையும் சேர்த்து அழையுங்கள். விடுப்பு எடுத்து வருவதால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அதையும் பேருந்துக் கட்டணத்தையும் விழாச் செலவில் முதல் வரியாக எழுதிவிடுங்கள்.